ஒன்பது முறை விசாரித்து ஒன்பது முறையும் விட்டார்கள்: யார்க்‌ஷயர் ரிப்பர் வழக்கு

1975 ஆகஸ்ட் 27. வடக்கு இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த சில்ஸ்டன் என்ற சின்ன ஊர். 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, இருட்டிய நேரத்தில் ஊருக்கு வெளியே இருந்த தன் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வழியில் ஒருவன் சேர்ந்துகொண்டான். கறுப்புத் தாடி, சுருட்டை முடி, சன்னமான குரல். ஏறக்குறைய அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். நடுநடுவே ஷூ லேஸ் கட்டுகிறவன் போல் அவன் பின்தங்குவான், அப்புறம் எட்டி நடந்து வந்து சேர்ந்துகொள்வான். அவள் வீடு நெருங்கும்போது பின்னாலிருந்து தலையில் அடி விழுந்தது. ஒன்றல்ல, ஐந்து. தூரத்தில் ஒரு காரின் வெளிச்சம் தெரிந்ததும், அவளை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

அவள் பிழைத்தாள். மண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, தேறி வந்து, போலீஸிடம் அவன் முகத்தைச் சொன்னாள். அரை மணி நேரம் பக்கத்தில் நடந்தவன் அல்லவா, நன்றாகவே சொன்னாள். ஆள் உள்ளூர்க்காரன், யார்க்‌ஷயர் பேச்சு என்றும் சொன்னாள். அவள் சொல்லி உருவான படத்தை, பின்னால் கொலையாளி என்று பிடிபட்ட பீட்டர் சட்க்ளிஃபின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றும் சங்கடமாக இருக்கும். அவ்வளவு ஒற்றுமை.

அந்தப் படம் கோப்பில் தூங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதே மனிதன் 13 பெண்களைக் கொன்றான். அவனை போலீஸ் ஒன்பது முறை விசாரித்தது. ஒன்பது முறையும் விட்டுவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்றால் இதுதான்.

தொடர் கொலையாளிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, 'அவன் மனதுக்குள் என்ன ஓடியது?' என்பதுதான். இந்த வழக்கை வாசிக்க வாசிக்க எனக்கு எதிர்த்திசையில் கேள்வி வருகிறது. அவனைத் தேடியவர்களின் மனதுக்குள் என்ன ஓடியது? ஏனென்றால் சட்க்ளிஃபைக் காப்பாற்றியது அவன் சாமர்த்தியம் இல்லை. போலீஸ் தன் மனதில் வரைந்து வைத்திருந்த வேறொருவனின் படம். இறந்த பெண்களின் குடும்பங்களும் உயிர் தப்பிய பெண்களும் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், அவர்கள் பெயர்களை இங்கே எழுதவில்லை.

முதல் கொலை 1975 அக்டோபர் 30 அதிகாலையில், லீட்ஸ் நகரில் நடந்தது. இறந்தவர் நான்கு குழந்தைகளின் தாய், 28 வயது. சுத்தியலால் தலையில் அடி, அப்புறம் கத்திக்குத்து. அடுத்தடுத்த கொலைகளிலும் அதே சுத்தியல், அதே கத்தி, சில சமயம் ஸ்க்ரூ டிரைவர். தொடக்கத்தில் கொல்லப்பட்டவர்கள் லீட்ஸ், பிராட்ஃபோர்ட் நகரங்களில் பாலியல் தொழில் நடந்த பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதால், போலீஸ் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தது: இவன் பாலியல் தொழிலாளிகளை வெறுப்பவன். பத்திரிகைகள் 'யார்க்‌ஷயர் ரிப்பர்' என்று பெயர் வைத்தன. 1888-இல் லண்டனில் பெண்களைக் கொன்று பிடிபடாமலே போன ஜாக் த ரிப்பரின் நிழல் அந்தப் பெயரோடு கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இந்த நிழலை மறந்துவிடாதீர்கள், பின்னால் இது ஒரு ஆட்டம் ஆடும்.

'பாலியல் தொழிலாளிகளை வெறுப்பவன்' என்பதுதான் இந்த வழக்கின் முதல் புரொஃபைல், அதாவது குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று ஊகித்து வரையும் சித்திரம். யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை, எந்த உளவியலாளரும் கையெழுத்துப் போட்டதில்லை, ஆனால் அங்கே இருந்த எல்லோர் தலையிலும் அதுதான் ஓடியது. அதற்குப் பிறகு எந்தத் தாக்குதல் கணக்கில் சேரும், எது சேராது என்பதையும் அதுவே தீர்மானித்தது. சில்ஸ்டன் சிறுமி பள்ளி மாணவி, நடந்தது கிராமத்து ரோட்டில், எனவே சேராது. அதற்குச் சில நாள் முன்பு ஹாலிஃபாக்ஸில் ஒரு பெண்ணிடம் வானிலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கடந்து போனவன், அடுத்த நொடி பின்னாலிருந்து சுத்தியலால் அடித்தான். அவரும் யார்க்‌ஷயர் பேச்சு என்றுதான் சொன்னார். அவர் அலுவலகங்களைச் சுத்தம் செய்து பிழைத்தவர். அதுவும் வெகுநாள் தனியாகவே கிடந்தது. 1976-இல் லீட்ஸ் பூங்கா ஒன்றில் தாக்கப்பட்டுப் பிழைத்த கறுப்பினப் பெண் தந்த அடையாளமும் இப்படித்தான் ஓரமாகப் போனது.

நிஜத்தில் அவன் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு உயிரோடு இருந்தவர்கள் இவர்கள்தான்.

1977 ஜூனில் லீட்ஸில் 16 வயதுப் பெண் கொல்லப்பட்டாள். கடையில் வேலை பார்த்தவள். அப்போதாவது புரொஃபைல் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 'கொலையாளி தவறு செய்துவிட்டான்' என்று விளக்கம் சொன்னார்கள். அதாவது கருத்து சரி, கொலைதான் தப்பு! 1979 அக்டோபரில் மூத்த அதிகாரி ஜிம் ஹாப்சன், இவன் விலைமாதரை வெறுக்கிறான், பலரும் வெறுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் இப்போது அப்பாவிப் பெண்களையும் கொல்கிறான் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அப்படியானால் முன்னால் செத்தவர்கள்? அந்தப் பேச்சுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறைத் தலைவர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில், சட்க்ளிஃப் செத்த அன்று.

இனி, அந்த ஐந்து பவுண்டு நோட்டு. 1977 அக்டோபர் 1 அன்று மான்செஸ்டரில் ஒரு பெண்ணைக் கொன்றான். புத்தம் புதிய ஐந்து பவுண்டு நோட்டு ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தான். அந்த நோட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, எட்டு நாள் கழித்து, தன் புது வீட்டில் விருந்து முடிந்து உறவினர்களைக் கொண்டுபோய் விட்ட கையோடு, உடல் கிடந்த இடத்துக்கே திரும்பிப் போய்த் தேடினான். கிடைக்கவில்லை. கைப்பையின் மறைவான உறையிலிருந்து போலீஸ்தான் எடுத்தது. வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், பிராட்ஃபோர்டை ஒட்டிய ஷிப்லி, பிங்லி வங்கிக் கிளைகள் வழியாகச் சம்பளப் பணமாக வெளியே வந்த கட்டு. அதை வாங்கியிருக்கக்கூடியவர்கள் சுமார் 8,000 பேர். அதில் ஒருவன், கிளார்க் என்ற சரக்கு நிறுவனத்தின் லாரி டிரைவர் பீட்டர் சட்க்ளிஃப்.

நவம்பரில் இரண்டு முறை வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். எங்கே இருந்தாய்? வீட்டில் விருந்து. மனைவி ஆமாம் என்றார், அம்மாவும் ஆமாம் என்றார். முடிந்தது. 1980-இல் வங்கியின் உதவியோடு அதே கணக்கை மறுபடி போட்டு, 8,000-ஐச் சில நூறு பேராகச் சுருக்கினார்கள். அந்தச் சின்னப் பட்டியலிலும் சட்க்ளிஃப் இருந்தான். அப்போதும் விட்டார்கள். அந்தச் சமயத்தில் நடந்ததாகப் பிடிபட்ட பிறகு அவனே சொன்னது ஒன்று உண்டு. கொலை நடந்த இடத்தில் பதிந்திருந்த பூட்ஸ் தடத்தின் படத்தோடு அதிகாரிகள் அவன் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்திருக்கிறார்கள். அவன் லாரியின் கம்பிப் படியில் ஏறி நின்றிருக்கிறான், காலில் அதே பூட்ஸ். அண்ணாந்து பார்த்திருந்தால் அடிப்பாகம் தெரிந்திருக்கும். போலீஸ் இப்படி அடிக்கடி வந்து போனதைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு 'ரிப்பர்' என்றே கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். போலீஸ் கண்டுபிடிக்காததை லாரி ஷெட் விளையாட்டாகவே கண்டுபிடித்துவிட்டது.

ஏன் விட்டார்கள் என்பதற்கு இரண்டு பதில். ஒன்று, லீட்ஸ் மில்கார்த் காவல் நிலையத்தின் அட்டைப் பெட்டிகள். எல்லாம் கையால் எழுதிய அட்டைகள். காகித பாரம் தாங்காமல் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. ஒருவனைப் பற்றிய ஐந்து அட்டைகள் ஐந்து இடத்தில் இருக்கும், ஒன்றை எடுத்தவருக்கு மற்ற நான்கு இருப்பதே தெரியாது. 1969-இலேயே சட்க்ளிஃப் இரவில் சுத்தியலோடு பிடிபட்டு, திருடுவதற்காகக் கருவி வைத்திருந்தான் என்று அபராதம் கட்டியவன். மத்தியப் பதிவேட்டில் அது திருட்டு வகை, அவ்வளவுதான். சுத்தியல் அங்கே பேசவில்லை.

இரண்டாவது பதில், 'ஜாக்'.

1978 மார்ச் முதல், வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகர அஞ்சல் முத்திரையோடு மூன்று கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில், விசாரணைக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டின் பெயருக்கு ஒரு ஒலிநாடா வந்தது. 'நான்தான் ஜாக்' என்று தொடங்கி, இன்னும் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று நிதானமாக நக்கல் செய்யும் குரல். ஓல்ட்ஃபீல்ட் இதைத் தனக்கும் அவனுக்குமான சண்டையாகவே எடுத்துக்கொண்டார். பத்திரிகையாளர்களைக் கூட்டி நாடாவைப் போட்டுக் காட்டினார். விளம்பரப் பலகைகள் வைத்தார்கள், தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினால் அந்தக் குரல் கேட்கும். நாடே கேட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸ், ஜாக் விண்ட்சர் லூயிஸ் என்ற இரு பேச்சுமொழி அறிஞர்கள் அது சண்டர்லேண்டில் காசில்டவுன் பக்கத்துப் பேச்சு என்று கணித்தார்கள். அபாரமான வேலை. பின்னால் பார்த்தால் அவர்கள் காட்டிய இடம் கிட்டத்தட்டச் சரி.

ஆனால் அது கொலையாளியின் குரலே இல்லை!

கடிதம் உண்மை என்று நம்பக் காரணம், மான்செஸ்டரில் கொல்லப்பட்ட ஒரு பெண் மருத்துவமனையில் இருந்ததைக் கடிதம் எழுதியவன் குறிப்பிட்டிருந்தான்; கொலையாளி தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்றார்கள். அந்தத் தகவல் ஏற்கெனவே பத்திரிகையில் வந்திருந்தது. இன்னொரு காரணம், பிரஸ்டனில் 1975-இல் நடந்த வேறொரு கொலையையும் அவன் தன் கணக்கில் சொன்னான். அங்கே கிடைத்த இரத்த வகை பி, கடித உறையின் எச்சிலிலும் பி. (பிரஸ்டன் கொலையைச் செய்தது முற்றிலும் வேறு ஆள் என்று 2011-இல் மரபணுச் சோதனை சொன்னது.) நார்த்தம்பிரியா காவல்துறையைச் சேர்ந்த டேவிட் ஸாக்ரிஸன் என்ற ஆய்வாளர் இதெல்லாம் போலி என்று 1979-இலேயே சொன்னார். 1888-இன் ஜாக் த ரிப்பர் கடிதங்களின் வாசகங்களை ஒட்டியே இவை எழுதப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். நான் முன்னால் சொன்ன நிழல் இதுதான். அந்த இரு மொழி அறிஞர்களுக்கும் சந்தேகம் வந்தது. உயிர் தப்பிய பெண்கள் எல்லோரும் யார்க்‌ஷயர் பேச்சு என்கிறார்களே?

கேட்கவில்லை. 1979 செப்டம்பரில் காவல் நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. 1924-க்கும் 1959-க்கும் இடையில் பிறக்காதவன், வெள்ளையன் அல்லாதவன், ஒன்பது அல்லது அதற்கு மேல் ஷூ அளவு உள்ளவன், இரத்த வகை பி இல்லாதவன், வடகிழக்குப் பேச்சு இல்லாதவன்: இவர்களை எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கலாம். இந்த ஐந்தில் கடைசி இரண்டும் ஏமாற்றுக்காரனின் உறையும் நாடாவும் கொடுத்தவை. கடைசி வரியை எழுதியவரின் பேனா சட்க்ளிஃபுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது என்றே சொல்வேன். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், அவன் வெளியே.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூலையில், ஆண்ட்ரூ லாப்ட்யூ என்ற காவலர் தன் சகாவோடு பிராட்ஃபோர்டின் ஹீட்டன் பகுதியில் சட்க்ளிஃபின் வீட்டுக்குப் போனார். அவன் காரைப் பாலியல் தொழில் பகுதிகளில் பல முறை பார்த்ததாகக் கண்காணிப்புப் பதிவுகள் இருந்தன. லாப்ட்யூவுக்கு அவனைப் பார்த்ததுமே உறுத்தியது. உயிர் தப்பிய ஒருவர் சொல்லி வரைந்த படத்தின் ஜாடை. மேல் முன்பற்களுக்கு இடையே இடைவெளி. அந்த ஏப்ரலில் ஹாலிஃபாக்ஸில் இறந்த பெண்ணின் உடலில் அப்படிப்பட்ட பற்களின் கடித்தடம் இருந்தது. சின்னப் பாதம். லாரி ஓட்டுபவன். சந்தேகத்துக்குரியவன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரியிடம் நேரில் சொன்னபோது, அவன் பேச்சு சண்டர்லேண்ட் பேச்சா என்றுதான் கேட்டார்கள் என்று லாப்ட்யூ பின்னால் பேட்டிகளில் சொன்னார். கையெழுத்தும் 'ஜாக்' கடிதத்தோடு ஒத்துப்போகவில்லை. அறிக்கை மேல் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதினார்கள். நாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் 1980 ஆகஸ்டில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டதால், இது ரிப்பர் வேலை இல்லை என்று முதலில் தள்ளிவிட்டார்கள். அவன் 'முறை' சுத்தியலாம்!

1980 நவம்பரில் லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி கொல்லப்பட்டதும் நாடு கொதித்தது. அப்போதுதான் லாரன்ஸ் பைஃபோர்ட் தலைமையில் வெளியாட்கள் அடங்கிய ஆலோசனைக் குழு வந்தது. அதில் ஸ்டூவர்ட் கைண்ட் என்ற தடயவியல் விஞ்ஞானி. உலகப் போர்க் காலத்தில் விமானத்தில் வழிகாட்டியாக இருந்தவர். அவர் கொலையாளியின் அம்மாவைப் பற்றியோ வெறுப்பைப் பற்றியோ கேட்கவில்லை. தாக்குதல் நடந்த 17 இடங்களை வரைபடத்தில் குறித்தார். எல்லா இடத்துக்கும் நூல் இழுத்தால் மொத்த நீளம் மிகக் குறைவாக வரும் புள்ளி எது என்று கணக்கிட்டார். அது பிராட்ஃபோர்ட் அருகே விழுந்தது. அப்புறம் நேரத்தைப் பார்த்தார். முன்னிரவில் நடந்தவை பிராட்ஃபோர்டுக்குத் தூரத்தில், நள்ளிரவு தாண்டியவை பக்கத்தில். வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன் தூரமாகப் போனால் சீக்கிரம் வேலையை முடிக்கிறான், அவ்வளவுதான் விஷயம். ஆள் மானிங்ஹாம் அல்லது ஷிப்லி பக்கம் குடியிருப்பவன் என்றார். சட்க்ளிஃபின் ஹீட்டன் வீடு அந்த இரண்டுக்கும் நடுவில்.

பின்னால் 1990-களில் கனடாவின் வான்கூவர் போலீஸ்காரர் கிம் ரோஸ்மோ இந்த மாதிரிக் கணக்கைக் கணினிச் சூத்திரமாக்கினார். புவியியல் புரொஃபைலிங் என்ற துறையே உண்டானது. மனதை வரையும் புரொஃபைலிங்கின் கதை அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ ஆட்கள் ஜான் டக்ளஸும் ராபர்ட் ரெஸ்லரும் சிறையில் 36 குற்றவாளிகளிடம் பேசி, 'ஒழுங்கான' கொலையாளி, 'ஒழுங்கற்ற' கொலையாளி என்று பிரித்தார்கள். லிவர்பூலில் டேவிட் கேன்டர் 2004-இல் நூறு அமெரிக்கத் தொடர் கொலைகளை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பிரிவு நிற்கவில்லை. சட்க்ளிஃபையே எடுங்கள். ஆயுதத்தைக் கையோடு கொண்டுபோவான்: ஒழுங்கு. உடலை மறைக்க மெனக்கெடாமல் வெட்டவெளியில் விட்டுப் போவான்: ஒழுங்கில்லை. எந்தப் பெட்டியில் போடுவது? தமிழில் நாம் 'சைக்கோ' என்று ஒரு வார்த்தையில் வேலையை முடித்துவிடுகிறோம், அது இன்னும் மோசம். வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்த, மனைவிக்கு அடங்கிய, கம்பெனி தன் விளம்பரத்துக்கே படம் எடுத்துப் போட்ட லாரி டிரைவரை அந்த வார்த்தையில் எப்படிப் பொருத்துவீர்கள்?

கைண்டின் கணக்கு அவனைப் பிடித்தது என்று முடித்தால் கதைக்கு நன்றாக இருக்கும். பிடித்தது நம்பர் பிளேட். 1981 ஜனவரி 2, ஷெஃபீல்டில் ராபர்ட் ரிங் என்ற சார்ஜென்டும் பயிற்சிக் காவலர் ராபர்ட் ஹைட்ஸும் இருட்டில் நின்ற ரோவர் காரைச் சோதித்தார்கள். உள்ளே ஒரு பெண்ணும் சட்க்ளிஃபும். நம்பரைக் கேட்டால் அது ஸ்கோடா காருக்கு உரியது. கொஞ்சம் ஒதுங்க வேண்டும் என்று அவன் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போய் வந்தான். திருட்டு பிளேட் என்பதால் டியூஸ்பரி காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் இரவுப் பணிக்கு வந்த ரிங், அவன் இன்னும் உள்ளே இருப்பதைக் கேட்டதும், ஒதுங்கப் போனானே என்று நினைவு வந்து அதே இடத்துக்குப் போனார். தொட்டிக்குப் பின்னால் சுத்தியலும் கத்தியும். ஜனவரி 4 பிற்பகலில் சட்க்ளிஃப் ஒப்புக்கொண்டான்.

நீதிமன்றத்தில்தான் மனதைப் பற்றிய சண்டை. பிங்லி கல்லறையில் குழி வெட்டுபவனாக வேலை பார்த்த காலத்தில் ஒரு கல்லறையிலிருந்து கடவுளின் குரல் கேட்டது, விலைமாதரைக் கொல்லச் சொன்னது என்றான். மனநல மருத்துவர்கள் பாரனாய்டு ஸ்கிஸோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் என்றார்கள். மனநோயால் பொறுப்பு குறைந்தவன், எனவே கொலையாகாத மரணம் என்ற வகையில் முடித்துவிட அரசுத் தரப்பும் இறங்கி வந்தது. நீதிபதி போரம் ஒத்துக்கொள்ளவில்லை, ஜூரி முன்னால் வையுங்கள் என்றார். பைத்தியம் என்று நம்பவைத்தால் பத்து வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்று மனைவியிடம் அவன் சொன்னதைச் சிறைக் காவலர் ஒருவர் கேட்டிருந்தார். 1981 மே 22 அன்று பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஜூரி 13 கொலைகளிலும் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை. ஆனால் 1984-இல் அவன் பிராட்மூர் மனநல மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தான், 2016 வரை அங்கேதான். மருத்துவர்கள் சொன்னது பொய்யும் இல்லை போல, ஜூரி சொன்னது தப்பும் இல்லை போல. ஒருவனுக்கு நோய் இருப்பதும் அவன் திட்டமிட்டுக் கொல்வதும் ஒன்றை ஒன்று ரத்து செய்வதில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஜூரியிடம் ஒரு பொருள் போகவே இல்லை. டியூஸ்பரியில் ஆடையைக் களைந்தபோது, பேன்ட்டுக்குள் ஒரு ஸ்வெட்டரைத் தலைகீழாகக் காலில் மாட்டியிருந்தான். கைகள் நுழையும் பகுதியில் கால்கள், ஸ்வெட்டரின் கழுத்துத் திறப்பு இடுப்புக்குக் கீழே, முட்டி போடும் இடத்தில் பட்டை வைத்துத் தைத்தது. கடவுள் சொல்லித் தைத்ததாகத் தெரியவில்லை. பாலியல் நோக்கத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

'ஜாக்' கடித உறையின் துண்டு ஒன்று பத்திரமாக இருந்தது. அதன் மரபணு 2005-இல் சண்டர்லேண்டில் குடித்துக்கொண்டு திரிந்த ஜான் ஹம்பிள் என்பவனைக் காட்டியது. எட்டு ஆண்டு சிறை.

சில்ஸ்டன் சிறுமியின் வழக்கு? 1992-இல் தன்னைப் பார்க்க வந்த அதிகாரி கீத் ஹெலாவெல்லிடம், அது நான்தான் என்று சட்க்ளிஃப் ஒப்புக்கொண்டான். அவளுக்கு அப்போது 31 வயது. அந்தத் தாக்குதலுக்காக அவன் மேல் குற்றச்சாட்டு எதுவும் கடைசி வரை பதிவாகவில்லை.